வாடகை வீடும் வங்கி ஈடும்

இலண்டனிலே உத்தியோகம் பார்க்கும் என் மருமகன், தன் தாயின் சீதனக் காணியை விற்று, அங்கே வாடகைக்கு விடுவதற்கென ஒரு வீடு வாங்கலாமா என்று சென்ற மாதம் எழுதிக் கேட்டிருந்தான். "மாமா, விலையிற் கால் பங்கு கையில் இருந்தாற் போதும். மிகுதியை வங்கி தரும், வட்டியை வாடகைக்கு இருப்பவர் கட்டுவார்" என்பது அவன் வாதம். கணிதம் படிப்பிப்பவனாகையால், நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, பென்சிலை எடுத்தேன்.

ஈடு நமக்குப் புதியதன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே ஒற்றி இடம்பெற்றிருக்கின்றது. ஒற்றியிலே கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். விளைச்சல் பொய்த்தால் அந்த நட்டமும் அவரையே சாரும். இலண்டன் வங்கி அத்தகையதன்று. வீடு பூட்டிக் கிடப்பினும் அதற்கு மாதந்தோறும் வட்டி சேரவேண்டும்.

வாடகை வீடு வாங்குவோர்க்கென்றே அமைந்த ஈட்டுக்கடன் பிரித்தானியாவில் 1996 முதல் பரவலாயிற்று. இதிற் பெரும்பாலோர் வட்டியை மாத்திரமே செலுத்துவர். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிய பின்னரும் முதல் ஒரு சதமேனும் குறையாமல் நிற்கும். வீட்டை விற்றோ வேறு வழியாலோ அதனைத் தீர்க்கவேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 2,00,000 பவுண், கைம்முதல் 50,000, கடன் 1,50,000, வாடகை ஆண்டொன்றுக்கு 12,000 என்று கொள்வோம். வட்டி நூற்றுக்கு 2 ஆயின் ஆண்டுக்கு 3,000 பவுண். மருமகனோ நூற்றுக்கு 40 வருமான வரி கட்டும் படியில் நிற்பவன். முன்னாளில் வாடகையிலிருந்து வட்டியைக் கழித்து, எஞ்சியதற்கே வரி கட்டினர். 2017 முதல் அச்சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020இல் முற்றாக நீங்கிற்று. இப்போது வாடகை முழுவதற்கும் வரி. வட்டியில் ஐந்திலொரு பங்கை மாத்திரம் அவ்வரியிற் கழிப்பர். ஆகவே வரி 4,200. கையில் மிஞ்சுவது 4,800. நல்ல வருவாய்தான்.

ஆனால் வட்டி அங்கே நிலைத்து நிற்பதன்று. 2020 மார்ச்சிலே நூற்றுக்கு 0.1 ஆக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம், 2023 ஓகஸ்டில் 5.25 ஆயிற்று. மலிந்த காலத்திலே ஈராண்டுக்கு வட்டியை நிலைப்படுத்திக் கடன் பெற்றோர், தவணை முடிந்ததும் புதிய வட்டியைக் கண்டு திகைத்தனர். நம் கணக்கிலே வட்டி 5.5 ஆயின் ஆண்டுக்கு 8,250. வரி 3,150. மிஞ்சுவது 600! ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடந்தால் அதுவும் இல்லை. நான் இருமுறை போட்டுப் பார்த்தேன், சரியாகச் சுழியம். கூரை ஒழுக்குக்கும் தரகருக்கும் கொடுப்பது சம்பளத்திலிருந்துதான்.

விலை ஏறாதா என்று கேட்பான். ஏறலாம். நூற்றுக்குப் பத்து ஏறினால் அவனுடைய 50,000 பவுண் 70,000 ஆகும். அதேயளவு இறங்கினால் 30,000 ஆகும். வங்கியின் 1,50,000 இரண்டிலும் அசையாது. மேலும், சொந்த வீடு உள்ளவர் இங்கிலாந்தில் இரண்டாவது வீடு வாங்கினால், 2024 ஒக்டோபர் 31 முதல், வழக்கமான முத்திரை வரிக்கு மேலாக விலையில் நூற்றுக்கு ஐந்து கட்டவேண்டும். இங்கு அது 10,000 பவுண். தாயின் காணியில் ஐந்திலொன்று வாசற்படியிலேயே போய்விடும் என்று எழுதினேன்.

மறுமொழி இன்னும் வரவில்லை. காணி உறுதி என் தங்கையின் தகரப் பெட்டியில் இருக்கின்றது.