நூலால் எழுதிய சிறுமிகள்

ஐரோப்பியச் சிறுமிகள் தையல் பழகிய துணிக்குச் ‘சாம்ப்ளர்’ என்று பெயர். ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது, ஜேன் பாஸ்டாக் 1598-ல் தைத்தது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொடக்கத்தில் சாம்ப்ளர் என்பது, கைதேர்ந்தவர்கள் புதுப்புதுத் தையல்களை மறக்காமலிருக்கத் தைத்து வைத்துக்கொண்ட மாதிரித் துணி. 17-ஆம் நூற்றாண்டில் நீண்டு ஒடுங்கியிருந்தது, சுருட்டி வைத்துக்கொள்ளலாம். அடுத்த நூற்றாண்டில் சதுரமாகி, பள்ளிப் பாடமாயிற்று. எட்டு, பத்து வயதுப் பெண்கள் அகரவரிசை, எண்கள், பக்தி வாசகம் ஆகியவற்றைத் தைத்து, கீழே தங்கள் பெயரையும் வயதையும் பொறித்தார்கள்.

தையலில் அகரவரிசை எதற்கு? அன்று படுக்கை விரிப்பும் துவாலையும் குடும்பச் சொத்து. சலவையில் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் முதலெழுத்தும் எண்ணும் தைப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணுக்கு இந்தத் திறமைதான் பிழைப்பு.

லினன் துணியில் இழைகளை எண்ணித்தான் தைக்க வேண்டும். குறுக்கே இரண்டிழை, நெடுக்கே இரண்டிழை தாண்டி ஊசியை இறக்கி, அதன்மேல் எதிர்ச்சாய்வில் இன்னொரு தையல் போட்டால் ஒரு பெருக்கல் குறி. இப்படிப் பல குறிகள் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஓரிழை தப்பினாலும் எழுத்து கோணிவிடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

கிட்டே போய்ப் பார்த்தால், பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் ‘ஜே’யும் ‘யு’வும் இருக்காது, ‘ஐ’யும் ‘வி’யுமே அவற்றுக்கும் சேர்த்து நின்றன. சிலவற்றில் கறுப்புப் பட்டு நூல் இருந்த இடத்தில் வெறும் ஊசித் துளைகள்தான் மிஞ்சியிருக்கும். சாயத்திலிருந்த இரும்பு உப்பு பட்டு நூலை அரித்துவிட்டது. வெளிச்சம் படாத பின்புறத்திலோ மற்ற நிறங்கள் பளிச்சென்று இருக்கும்.

பணிவும் பொறுமையும் பழக்கவும்தான் இந்தத் தையல் பாடம். அதையே தன் மனத்தைச் சொல்லும் வழியாக்கினாள் ஒருத்தி. சஸ்ஸெக்ஸ் பகுதியின் ஆஷ்பர்ன்ஹாமில் 1813-ல் பிறந்த எலிசபெத் பார்க்கர், வேலைக்குப் போன வீட்டில் கொடுமைக்கு ஆளானவள். 1830 வாக்கில் லினன் துணியில், பூவோ கரையோ இல்லாமல், சிவப்புப் பட்டு நூலால் தன் கதையைத் தைத்தாள். தற்கொலை எண்ணம் வந்ததையும் மறைக்கவில்லை. கடைசி வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அவள் வாழ்ந்தாள். பின்னாளில் பள்ளி ஆசிரியையும் ஆனாள்.

அந்தக் காலத்து எளிய பெண்கள் தம் கையால் விட்டுச்சென்ற பதிவுகள் மிகக் குறைவு. அதனால்தான் பெயரும் வயதும் மட்டுமே உள்ள சாம்ப்ளரும் பாதுகாக்க வேண்டிய வரலாற்று ஆவணம்.