கட்டுக் கீரையும் டப்பாப் பொடியும்

1985-இல் பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் புகைப்பழக்கம் உள்ள ஆண்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார்கள். 50 முதல் 69 வயது வரை, மொத்தம் 29,133 பேர். கீரையும் காய்களும் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்று குறைவாக வருவதாக அதற்கு முன்பே பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. அப்படியானால் அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதல். அமெரிக்காவில் புகைப்போரையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும் இதே கதை. 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

முருங்கை இலைப் பொடி டப்பாவில் ‘புற்றுநோயை வேரோடு அழிக்கும்’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அரைக்கீரை மசியலில் இருப்பது ஒரே ஒரு சத்து அல்ல. எது எதோடு சேர்ந்து உடம்பில் என்ன செய்கிறது என்று முழுதாகப் பிரித்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

தெரிந்தவரை சொல்கிறேன். 1941-இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்கு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். செல்லுக்குள் மரபுப்பொருள் பிழையில்லாமல் படியெடுக்கப்பட இந்தச் சத்து வேண்டும். குறைந்தால் பழுதுகள் சேரும். கீரையின் நார் வேறொரு வேலை செய்கிறது. குடலில் கழிவு தேங்காமல் நகர்த்துகிறது. நார்ச்சத்துள்ள உணவு பெருங்குடல் புற்றுக்கான வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதற்கு ஓரளவு வலுவான சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காயும் கனியும் சாப்பிடச் சொல்கிறது. கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. வாய்ப்பு குறையலாம் என்பதுதான் இவ்வளவுக்கும் பொருள். கீரை தின்பவருக்குப் புற்று வராது என்று யாரும் சொல்லவில்லை. வெற்றிலைகூடப் பச்சை இலைதான்! ஆனால் பாக்கோடு சேர்த்து மெல்லும்போது, புகையிலையே இல்லாவிட்டாலும், அது புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. மதியம் கீரைக் கூட்டு, அதன் மேல் ஒரு பாக்குப் பொட்டலம் என்றால் கணக்கு நேராகாது.

நோய் வந்துவிட்டவருக்கு நிலைமை வேறு. 1948-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, ரத்தப் புற்று கண்ட குழந்தைகள் சிலருக்குத் தற்காலிகமாகவேனும் நோயை அடக்கிக் காட்டினார். வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லுக்கும் அந்தச் சத்து தேவைப்படுகிறது. ஆகவே சிகிச்சையில் இருப்பவர் பொடியோ சத்து மாத்திரையோ எடுத்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. வழக்கமான வீட்டுக் கீரைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துகளை எதிர்க்கும். கீரையின் அளவு ஒரு வாரம் கூடி மறுவாரம் குறைவது ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

அடுப்படியில் ஒன்று. கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் சி-யும் சாக்கடைக்குப் போகும். தாளிக்கும் எண்ணெய் வீண் செலவல்ல. கரோட்டின் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். மண் போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். ஆனால் செடிக்குள் ஊடுருவிய பூச்சிமருந்தை உப்பும் மஞ்சளும் இழுத்துவிடாது. காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தைத் தெளிப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. வாங்கும் உணவில் சந்தேகம் வந்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 40-இன்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

டப்பாவுக்கு வருவோம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடைசெய்கிறது; முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். ‘இது மருந்தில்லை, உணவு’ என்று நழுவினாலும் தப்ப முடியாது. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று பொய் விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற பெயரோடு 14 இலக்க எண் இருந்தால் அது உணவாக உரிமம் பெற்றது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். ரசீது, டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்த பணத்தைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

பணத்தைக் கேட்டு வாங்கலாம், பொடியை நம்பிக் கழிந்த ஆறு மாதத்தை எந்த ஆணையமும் வாங்கித் தராது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு என்று ஏதாவது கண்டால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும், 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுக்கான பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.