உஷார்! அலை அடங்கிய இடத்தில் கால் வைக்காதீர்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. டிக்கியில் கூடாரம், பாய், கரி அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஓ.எம்.ஆர். வழியாக மாமல்லபுரம் கிளம்பும் குடும்பங்களே, ஒரு நிமிஷம்!

கேளம்பாக்கம் வரை நெரிசல். திருப்போரூர் கந்தசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊரைத் தாண்டினால் சாலை காலி. ஆக்சிலேட்டரில் கால் தானாக அழுந்தும். 2024 நவம்பர் 27 அன்று, இதே தடத்தில் பண்டிதமேடு அருகே, மாடு மேய்க்க வந்து சாலையோரம் உட்கார்ந்திருந்த 5 பெண்கள் மீது வேகமாக வந்த கார் ஏறியது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். அவர்கள் குறுக்கே ஓடவில்லை, ஓரமாகத்தான் இருந்தார்கள். நாம் பறக்கும் அந்த ஓரத்தில்தான் அந்த ஊர்க்காரர்களின் அன்றாடப் பிழைப்பு நடக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். நுங்கு விற்பவரைக் கண்டதும் சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு, வண்டியை முழுசாக மண்ணில் இறக்கி நிறுத்துங்கள். பிள்ளைகள் சாலைப் பக்கக் கதவைத் திறக்கவே கூடாது.

இதைவிடப் பயமாக இருப்பது கடல்தான். நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் வரை எங்கே நின்று பார்த்தாலும் அலை வெள்ளையாக நுரைத்து உடையும். நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கலங்கலாக, சாதுவாகத் தெரியும். “இங்கே அலையே இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்” என்று தோன்றும். இறக்காதீர்கள்! கரையில் மோதிய தண்ணீரெல்லாம் ஒன்றுகூடிக் கடலுக்குள் திரும்பும் வழி அது. முழங்கால் அளவில் நிற்பவரின் காலடி மணலையும் அரித்து இழுத்துவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தித்தான் களைத்துப்போகிறார். மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்க வேண்டாம். அப்படித்தான் ஒன்று இரண்டாகிறது. மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், ஸ்டெப்னி டியூப், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். மீனவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை என்று நம்பிவிடவும் முடியாது. 2024 மே 6 அன்று, கல்யாணத்துக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்களில் 5 பேரைக் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை கொண்டுபோனது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பும் நெடும் அலை சில நாள் பயணம் செய்து நம் கரையில் ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். கடல் எச்சரிக்கைகளை வெளியிடும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அப்போதும் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கிளம்பும் முன் அந்த அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். குளித்தே ஆகவேண்டும் என்றால் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் போல, உயிர்காப்பாளர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கடற்கரைக் கோயில் பக்கத்துப் பாறைகளில் ஏறி செல்பி எடுப்பது வேண்டவே வேண்டாம்.

கூடாரம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈர மணலில் போடாதீர்கள், ராத்திரி தண்ணீர் எங்கே வரை ஏறும் என்று குப்பத்துக்காரர்களிடம் கேளுங்கள். சவுக்குத் தோப்பில் தீ மூட்டாதீர்கள். மே மாதத்துச் சருகுக்கு ஒரு பொறி போதும். கறி சுட்ட அடுப்பில் தணல் மிச்சம் இருக்கிறதே என்று கொசுவுக்காகக் கூடாரத்துக்குள் வைத்து ஜிப்பை மூடினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தலைவலி, குமட்டல் என்று யாராவது முனகினால் எல்லோரையும் எழுப்பி உடனே வெளியே காற்றாடக் கொண்டுவாருங்கள், 108-ஐ அழையுங்கள்.