பிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் எங்கே போவது?

வியாபாரப் பக்கத்தில் உல்லாசக் கப்பலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பெயின்ட், டைல்ஸ், சீமெந்து விற்கும் நமது கடைக்காரர்களுக்கு விற்பனை இலக்கு வைத்து, எட்டியவர்களைக் கம்பனிகள் வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துப் போவது பழைய விடயம். அப்படிச் சிங்கப்பூர்க் கப்பலில் மூன்று இரவு கழித்துவிட்டு வந்தவர்கள் சிலர், இப்போது சொந்தச் செலவில் மனைவி மக்களோடு போக விரும்புகிறார்கள். நியாயமான ஆசைதான். பிள்ளை எழும்பு முன் கடைக்குப் போய், அது தூங்கிய பின் வீடு வரும் மனிதர்கள் நாம். ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சின்னச் செலவல்ல. ஒரு சிறு கடையின் சரக்குப் பணம் முழுவதும் இதில் போய்விடும். ஆகவே வியாபாரக் கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை.

என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும், “எந்த நாட்டுக்குப் போனால் நல்லம்?” என்றே தொடங்குகிறார்கள். ஏஜன்ட் கொடுத்த வண்ணப் புத்தகம் கையில் இருக்கும். அதில் ஒரு விலையும் இருக்கும். அந்த விலையை நாம் எப்.ஓ.பி. விலையாகத்தான் எடுக்க வேண்டும். சீனாவில் ஒரு பொருள் பத்து டொலர் என்றால் புறக்கோட்டையில் அது பத்து டொலருக்கு வந்து இறங்குவதில்லை. கப்பல் கூலி, தீர்வை, கிளியரிங், லொறிக் கூலி எல்லாம் சேர்ந்த பிறகுதான் நமது அடக்க விலை தெரியும். உல்லாசக் கப்பலும் இப்படித்தான். கப்பல் ஏறும் ஊருக்கு விமானச் செலவு, அங்கே ஓரிரவு ஹோட்டல், விசா, கப்பலில் ஆளுக்கு ஆள் நாளுக்கு நாள் அறவிடும் டிப்ஸ், கரையில் வாகனக் கூலி எல்லாவற்றையும் கூட்டினால்தான் எந்த ஊர் மலிவு என்பது விளங்கும். டிப்ஸை மட்டும் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டொலர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு ஏழு இரவுக்கு 630 டொலர். பல கம்பனிகள் பிள்ளைகளுக்கும் இதை அறவிடுகின்றன.

பணத்தை விடப் பெரிய செலவு நேரம். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில் வருகிறது. அந்த மாதத்தில் நாம் கப்பல் ஏறப்போவதில்லை. மீதியுள்ள விடுமுறைகளில் மௌலூதும் கல்யாணமும் போக, பிள்ளைகளும் வாப்பாவும் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் ஐந்தாறு இருக்கலாம். கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். டுபாய்க்கு அதைவிடச் சற்றுக் கூட. ஐரோப்பாவுக்குப் போவதென்றால் போக வர இரண்டு நாள் விமானத்திலேயே போய்விடும். எதுவானாலும் கப்பல் புறப்படும் நாளன்று விமானத்தில் போய் இறங்கக் கூடாது. முதல் நாளே போய்விட வேண்டும். விமானம் தாமதமானதற்காகக் கப்பல் காத்திருக்காது.

இனி, புத்தகத்தில் உள்ள ஊர்ப் பெயர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “பாங்கொக்” என்று போட்டிருப்பார்கள். பெரிய கப்பல் பாங்கொக்கிற்குள் போகாது. அது நிற்பது லெம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். “ரோம்” என்றால் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். “புளோரன்ஸ்” என்றால் லிவோர்னோவில். “கோலாலம்பூர்” என்றால் கிள்ளான் துறைமுகத்தில். வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதை இத்தாலி 2021 ஆகஸ்டிலிருந்து தடை செய்துவிட்டது. வெனிஸ் என்று விற்கப்படும் பயணம் ரவென்னாவில் தொடங்கக்கூடும். ஹம்பாந்தோட்டையில் இறக்கிவிட்டு இதுதான் கொழும்பு என்று சொல்வதைப் போன்ற வியாபாரம்தான் இது. பெரியவர்களுக்குப் பரவாயில்லை. கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு மணித்தியாலம் நிற்கிறது என்று வையுங்கள். இறங்கி வரிசையில் நின்று பஸ் ஏற ஒரு மணித்தியாலம், போக இரண்டு, வர இரண்டு, கடைசி நேரத்துக்கு முன் கப்பலுக்குத் திரும்ப இன்னும் ஒரு மணித்தியாலம். மிஞ்சுவது இரண்டு மணித்தியாலம். எனது உறவினர் ஒருவரின் நாலு வயது மகன் இப்படியான ஒரு பஸ்ஸில் போகும்போதும் தூங்கி, வரும்போதும் தூங்கி, இடையில் வெயிலில் அழுதான். அவனுக்கும் சேர்த்துத்தான் சுற்றுலாக் கட்டணம் கட்டினார்கள்.

சந்தோரினி இன்னொரு வகை. படத்தில் வெள்ளை வீடுகளும் நீலக் கூரைகளும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கப்பல் கரையோடு கட்டப்படுவதில்லை, நடுக்கடலில் நிற்கும். சிறு படகில் கரைக்குப் போய், அங்கிருந்து மலை மேல் ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கழுதை, அதுவும் இல்லாவிட்டால் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். தள்ளுவண்டிக் குழந்தையும் முழங்கால் வலியுள்ள உம்மம்மாவும் உள்ள குடும்பம் இதை யோசித்துப் பார்க்கட்டும். கிரேக்க அரசு 2025 ஜூலையிலிருந்து அங்கே இறங்கும் கப்பல் பயணிகளிடம் உச்சப் பருவத்தில் ஆளுக்கு 20 யூரோ வேறு அறவிடுகிறது.

இதற்கு நேர் எதிரானது பினாங்கு. கப்பல் கட்டப்படும் சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ்டவுன் நகரத்திலேயே இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிச் சிறிது நடந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் நடந்தால் தமிழ் கேட்கும் கடைத்தெரு. அதையும் தாண்டினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தென்னிந்தியாவிலிருந்து வணிகம் செய்ய வந்த முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டளவில் தொடங்கிய பள்ளி அது. அவர்கள் பெயராலேயே சூலியா வீதியும் இருக்கிறது. சோற்றுப் பானையையும் கறிப் பானையையும் காவுதடியில் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற நமது ஆட்களின் சாப்பாடுதான் இன்று நாசி கந்தார் என்று பெயர் பெற்றிருக்கிறது. கந்தார் என்பது அந்தக் காவுதடி. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்து, அந்தச் சோற்றையே வாங்கியும் கொடுக்கலாம். ஹலாலா என்று தேடி அலைய வேண்டியதில்லை. சின்னவன் சிணுங்கினால் கால் மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். பஸ் கூலி ஒரு சதமும் இல்லை. நகரம் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆகவே முதல் தடவை போகும் குடும்பத்துக்கு எனது சிபாரிசு சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு தொட்டு வரும் மூன்று அல்லது நான்கு இரவுப் பயணம். புக்கெட்டும் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் அங்கே சில கப்பல்கள் சிறு படகில்தான் இறக்குகின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலத்தால் மறைக்கப்பட்ட கடல் என்பதால் ஆட்டம் குறைவு. புக்கெட் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதி. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குக் காற்று. வியட்நாம் பக்கம் இதற்கு மாறு: டிசம்பரில் கடல் கொந்தளிக்கும். சிங்கப்பூருக்கு நமது கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரையும் விசா விலக்கில் சேர்த்தது. மலேசியாவுக்கு என்ன பத்திரம் வேண்டும் என்பதைக் கப்பல் கம்பனியிடம் எழுத்தில் பெறுங்கள். கப்பலை விட்டு இறங்காவிட்டாலும், பாதையில் உள்ள நாட்டின் விசா இல்லாதவரை ஏற்ற மறுக்கக் கம்பனிக்கு உரிமை உண்டு.

அங்கிருந்து ஓடும் கப்பல்களில் ஜென்டிங் டிரீம் நமது ஆட்களுக்குத் தோதானது. ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகம் உள்ள கப்பல். கசினோவும் மதுச்சாலையும் அதிலும் இருக்கின்றன. எந்தத் தட்டில் இருக்கின்றன என்று பார்த்து, கெபினை அதற்கு எட்டத்தில் எடுங்கள். இரண்டுமே இல்லாத கப்பல் வேண்டுமென்றால் சவூதியின் அரோயா இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து ஓடத் தொடங்கியது. ஜென்டிங் டிரீமின் உடன்பிறப்பான வேர்ல்ட் டிரீம்தான் பெயர் மாறி இப்படி வந்திருக்கிறது. இரண்டுக்கும் சொந்தமாயிருந்த ஹொங்கொங் கம்பனி 2022 ஜனவரியில் முறிந்துபோனது. கடலில் மிதக்கும் கம்பனியும் கவிழும் என்பதால் முற்பணத்தை வங்கி அட்டையில் கட்டுவதே பாதுகாப்பு.

டுபாய், டோஹா, மஸ்கட் பயணங்களும் பிள்ளைகளுக்கு நல்லவை. மஸ்கட்டில் கப்பல் முத்ராவில் நிற்கிறது. சந்தை கூப்பிடு தூரம். ஆனால் அது குளிர்காலப் பயணம். அத்தோடு அந்தப் பக்கத்து நிலவரம் ஒரே நாளில் மாறக்கூடியது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின், ஐரோப்பியக் கம்பனிகள் பல 2024–25 பருவத்தின் வளைகுடாப் பயணங்களையே கைவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் விமானச் சீட்டும் விடுமுறையும் திரும்பி வராது.

சென்னையிலிருந்து போகலாமா என்றும் ஒருவர் கேட்டார். 2023 ஜூனில் எம்பிரஸ் என்ற கப்பல் சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வந்து போனது. இந்தியருக்கு நல்ல பயணம். திருகோணமலையைப் பார்க்க நாம் சென்னைக்குப் பறக்க வேண்டுமா? ஏ-6 வீதி இருக்கிறது.

ஐரோப்பாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகட்டும். அப்போதும் கப்பல் நகரத்தோடு நிற்கும் ஊர்களாகப் பார்த்து எடுங்கள். நேப்பிள்ஸ் அப்படிப்பட்டது, துறைமுக வாசலே நகரம், பொம்பெய்க்கு ரயில் இருக்கிறது. மோல்ட்டாவின் வலெட்டா அதைவிட மேல். கரையிலிருந்து மேலே நகரத்துக்கு மின்தூக்கியே வைத்திருக்கிறார்கள். மோல்ட்டா மொழி அறபியிலிருந்து வந்தது, எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள் கடைப் பலகைகளை வாசித்துச் சிரிப்பார்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 45, ஆறுக்குக் கீழ் இலவசம். 14, 9, 5 வயதுப் பிள்ளைகள் மூவரும் தாய் தகப்பனும் என்றால் 315 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. கப்பல் நடுவில் துருக்கிக்கோ தூனிஸுக்கோ போய்த் திரும்பி வருமானால் ஒரு முறை நுழையும் விசா போதாது. பல முறை நுழைவது வேண்டும்.

வயது விடயத்தில் இன்னும் சில. பெரும்பாலான கம்பனிகள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. கரை தொடாமல் பல நாள் ஓடும் பயணமானால் ஒரு வயது கேட்பார்கள். இருபத்து நான்கு வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கும் இடமில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டறை பொதுவாக மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் விட்ட பிள்ளைக்கு. டயப்பர் கட்டிய பிள்ளையைப் பொது நீச்சல் தடாகத்திலும் விடுவதில்லை. மூன்றுக்குக் குறைந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அது வளரும் வரை பொறுப்பதே லாபம். இல்லாவிட்டால் உம்மா நான்கு நாளும் கெபினுக்குள்தான். வாப்பா கடையை விட்டு வர முடியாமல் பிள்ளைகளை உம்மாவோடோ மாமாவோடோ அனுப்புவதானால், வராத பெற்றோரின் சம்மதக் கடிதத்தைச் சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்திக் கொடுத்துவிடுங்கள்.

கெபின் சாதாரணமாக நான்கு பேருக்கு மேல் கொள்ளாது. பிள்ளைகள் மூன்று என்றாலே இரண்டு கெபின் வரும். கதவு இடையில் திறக்கும் அடுத்தடுத்த இரண்டைக் கேளுங்கள். அவை முதலில் விற்றுத் தீர்பவை. மீதிப் பணம் பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னர் டொலரில் கட்ட வேண்டும். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். முற்பணம் கட்டும் அன்றே மீதியையும் எந்த விலைக்கு, யார் பொறுப்பில் மாற்றுவது என்பதை ஏஜன்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.