விளக்கும் விலக்கும்: கல்வெட்டுப் பாட ஆவணங்களைக் காக்கும் வழங்கிக் கணினியின் தாய்ப்பலகை அமைப்பும் மேம்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுகளும் சுவடிகளும் எண்ணிம வடிவம் பெற்றுவரும் இக்காலத்தில், பாடத்தின் நம்பகத்தன்மை பதிப்பாசிரியரின் கவனத்தை மட்டுமன்றி, அப்பாடம் தங்கியிருக்கும் கணினியின் கட்டமைப்பையும் சார்ந்துள்ளது. கணினி நினைவகத்தில் ஒரேயொரு பிட் புரள்வதால் தமிழில் ‘ல’கரம் ‘ள’கரமாகவும், பத்து நூறாகவும் மாறக்கூடும் என்பதை இக்கட்டுரை திருவண்ணாமலைக் கல்வெட்டுச் சூழலை முன்வைத்து விளக்குகிறது. அத்தகைய பிழையைத் தடுக்கும் வழங்கித் தாய்ப்பலகையைத் தேர்தல், அமைத்தல், மேம்படுத்தல் ஆகியவற்றில் தமிழ்த்துறைகள் கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வழங்கி, தாய்ப்பலகை, பிழைதிருத்தும் நினைவகம், ஒருங்குறி, கல்வெட்டுப் பாடம், திருவண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகள் சோழர், போசளர், விசயநகரர் எனப் பல மரபினரின் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. அச்சில் வந்த பாடம் ஒருமுறை பிழையாக அச்சேறினால் எல்லாப் படிகளிலும் அப்பிழையே காணப்படும். அதனைப் பிழைதிருத்தப் பட்டியலில் சுட்டிவிடலாம். எண்ணிமப் பாடம் அத்தகையதன்று. நேற்றுச் சரியாக இருந்த கோப்பு, எவர் கையும் படாமல் இன்று வேறுபட்டிருக்கக்கூடும். அவ்வேறுபாடு எங்கே நிகழ்கிறது என அறிந்தாலன்றி அதனைத் தடுக்க இயலாது.

ஒரு பிட்டும் ஓர் எழுத்தும்

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் வரிசை நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியே அவ்வரிசை அமைந்தது. அதனால் நெடுங்கணக்கில் தொலைவில் நிற்கும் ‘ர’வும் ‘ற’வும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. ‘ல’, ‘ள’ இரண்டும், ‘ந’, ‘ன’ இரண்டும் அவ்வாறே உள்ளன. அடுத்தடுத்து நிற்பதோடு, இவ்விணைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட்டால் மட்டுமே வேறுபடுகின்றன.

யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘ல’ என்பது 224, 174, 178. ‘ள’ என்பது 224, 174, 179. இறுதிப் பைட்டை இரும எண்ணாக எழுதினால் முன்னது 10110010, பின்னது 10110011. கடைசி இலக்கம் புரண்டால் போதும். ‘விளக்கு’ ‘விலக்கு’ ஆகிவிடும். கோயிலுக்கு விளக்கெரிக்க அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டில் இம்மாற்றம் நேர்ந்தால், எழுத்துப்பிழை நோக்கும் மென்பொருளும் அதனைச் சுட்டாது. இரண்டும் பொருளுடைய சொற்களே.

எண்களில் விளைவு இன்னும் கடுமையானது. தமிழில் பத்தைக் குறிக்கும் ‘௰’ 224, 175, 176 எனவும், நூற்றைக் குறிக்கும் ‘௱’ 224, 175, 177 எனவும் பதிவாகின்றன. இங்கும் வேறுபாடு ஒரு பிட்டே. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டமை காணப்படுகிறது. ‘௯௰’ என்ற 90, ஒரு பிட் புரண்டால் ‘௯௱’ என 900 ஆகும். அக்காலப் பொருளியலைக் கணக்கிடும் ஆய்வாளர் இதன்மேல் எழுப்பும் முடிவு அடித்தளத்திலேயே பிழைபட்டதாகும்.

பைட்டின் முன்பகுதியில் நிகழும் புரளல் பெரும்பாலும் பொருளற்ற குறியைத் தோற்றுவிப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படும். இறுதிப் பிட்டில் நிகழ்வதே மறைந்து நிற்கும். கல்வெட்டுகளில் ர-ற, ந-ன மயக்கம் இயல்பாகவே உண்டு; பதிப்பாசிரியர் அவற்றை உள்ளவாறே காப்பது மரபு. ஆகவே கணினி செய்த பிழை கல்தச்சர் செய்த பிழையாகக் கொள்ளப்பட்டு, மொழிவரலாற்றுச் சான்றாகவும் காட்டப்படலாம்.

பிழை தோன்றும் இடம்

16 ஜி.பி. ரேம் நினைவகத்தில் ஏறத்தாழ 13,744 கோடி பிட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்ணிய மின்னேற்றமாகவே நிற்கிறது. சில்லின் உறையிலுள்ள கதிரியக்கத் தடயங்கள் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் அவ்வேற்றத்தைப் புரட்டக்கூடும் என்பதை இன்டெல் நிறுவன ஆய்வாளர்களான மே, வுட்ஸ் ஆகியோர் 1978-இல் விளக்கினர். அண்டக்கதிர்களும், தேய்வுற்ற சில்லுகளும் பிற காரணங்கள். கூகுள் நிறுவனத்தின் வழங்கிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம் தகடுகளில் பிழை பதிவானதைக் காட்டியது.

நிலைவட்டுகளை இரட்டிப்பதும் காப்புநகல் எடுப்பதும் இதற்குத் தீர்வாகா. பாடம் திருத்தப்படும்போதோ படியெடுக்கப்படும்போதோ ரேமில் பிட் புரண்டால், பிழைபட்ட பாடமே இரு வட்டுகளிலும் எழுதப்படும். காப்புநகலும் அப்பிழையையே காக்கும்.

தாய்ப்பலகையின் பங்கு

1950-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டு முறையே ஈ.சி.சி. எனப்படும் பிழைதிருத்தும் நினைவகத்தின் அடிப்படை. டி.டி.ஆர்.4 வகையில் ஒவ்வொரு 64 தரவுப் பிட்டுக்கும் 8 சரிபார்ப்புப் பிட்டுகள் சேர்ந்து 72 ஆகின்றன. ஒரு பிட் புரண்டால் அது உடனே திருத்தப்படும். இரு பிட்டுகள் புரண்டால் திருத்த இயலாது. ஆயினும் பிழை கண்டறியப்பட்டுக் கணினி நிறுத்தப்படலாம். பிழையான பாடத்தை அமைதியாக வழங்கும் கணினியைவிட, நின்றுவிடும் கணினி ஆய்வுக்கு நல்லது.

ஈ.சி.சி. தகட்டை வாங்கிப் பொருத்துவதால் மட்டும் இப்பாதுகாப்பு கிடைத்துவிடாது. செயலி, தாய்ப்பலகை, தகடு ஆகிய மூன்றும் இதனை ஏற்க வேண்டும். சாதாரண மேசைக்கணினிப் பலகைகள் சிலவற்றில் ஈ.சி.சி. தகடு இயங்கும், ஆனால் திருத்தும் பணி நடைபெறாது. டி.டி.ஆர்.5 சில்லுகளுக்குள் அமைந்த திருத்த ஏற்பாடும் இதற்கு ஈடாகாது. சில்லிலிருந்து செயலி வரையிலான வழியை அது காப்பதில்லை.

வழங்கித் தாய்ப்பலகையின் மற்றொரு சிறப்பு, பி.எம்.சி. எனப்படும் தனி மேலாண்மைச் சில்லு. முதன்மைச் செயலி இயங்காத நிலையிலும் இது வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம், நினைவகப் பிழை ஆகியவற்றைப் பதிவுசெய்யும். எந்தப் பொருத்துவாயிலுள்ள தகடு பழுதுபடுகிறது என்பதை இப்பதிவேடு காட்டும்.

அமைத்தல்

முதலில், பலகை உற்பத்தியாளர் வெளியிட்டுள்ள ஏற்புப் பட்டியலில் செயலியும் தகடும் இடம்பெற்றுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.4-இல் ஆர்டிம், யுடிம் என்னும் இரு வகைத் தகடுகளும் ஒரே பொருத்துவாயில் நுழையும். எனினும் ஒன்றுக்கான பலகையில் மற்றொன்று இயங்காது. தகடுகளைப் பலகைக் கையேடு கூறும் வரிசையிலேயே பொருத்த வேண்டும். நிலைமின்சாரத்தால் சில்லுகள் பழுதாகாதிருக்க, பணியாற்றுபவர் புவியிணைப்புக் கைப்பட்டை அணிதல் இன்றியமையாதது.

அடுத்து, பயாஸ் அமைப்பில் ஈ.சி.சி. இயக்கப்பட்டுள்ளதா என உறுதிசெய்ய வேண்டும். நினைவகத்தை இடையறாது படித்துத் திருத்தும் ‘ஸ்கிரப்பிங்’ வசதியையும் இயக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் டி.எம்.ஐ.டிகோட் கட்டளை தரும் நினைவக விவரத்தில் பிழைதிருத்த வகை ‘இல்லை’ என வந்தால், அமைப்பில் குறை உள்ளது என்பது தெளிவு. பி.எம்.சி.யின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றி, அதனைப் பொது இணையத்திலிருந்து விலக்கித் தனி வலையமைப்பில் வைத்தல் வேண்டும்.

மேம்படுத்தல்

பழைய பலகையை மாற்றும் காலமே ஆவணத்துக்கு இடர் மிக்க காலம். பின்வரும் ஒழுங்கு அவ்விடரைக் குறைக்கும்.

1. மெய்ப்புப் பார்த்து உறுதிசெய்த ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு, அப்பட்டியலை வழங்கிக்கு வெளியே காக்க வேண்டும்.

2. காப்புநகலை மற்றொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். மீட்டுப் பாராத நகலை நகலாகக் கருதுதல் தகாது.

3. நிலைவட்டுகளை இணைக்கும் ரெய்டு அமைப்பு, பலகையிலேயே உள்ள கட்டுப்படுத்தியைச் சார்ந்ததா என அறிய வேண்டும். அவ்வாறாயின் புதிய பலகை அவ்வட்டுகளைப் படிக்காமற்போகலாம். வட்டு மறையாக்கத் திறவுகோல் பலகையின் டி.பி.எம். சில்லோடு பிணைக்கப்பட்டிருந்தால், மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

4. பழைய பலகையில் செயலியை மட்டும் மாற்றுவதாயின், அதற்குரிய பயாஸ் பதிப்பை முதலில் ஏற்ற வேண்டும். பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் பலகை முடங்கக்கூடும், ஆதலால் யு.பி.எஸ். இணைப்பின்றி இப்பணியைத் தொடங்கலாகாது.

5. புதிய பலகையில் இயங்குதளத்தை ஏற்றுமுன் மெம்டெஸ்ட் சோதனையை ஓரிரவேனும் நடத்த வேண்டும். பின்னர் கோப்புகளின் தொகைகளை முன்னைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, வேறுபட்டவற்றைக் காப்புநகலோடும் கல்வெட்டு மைப்படியோடும் ஒத்துநோக்க வேண்டும்.

முதற்படியில் ஒரு வரையறை உண்டு. சரிபார்ப்புத் தொகை, கணக்கிடப்பட்ட கணத்தில் கோப்பு இருந்த நிலையையே காக்கும். பிழைபட்ட பின் கணக்கிட்டால் பிழையையே உறுதிப்படுத்தும். ஆகவே ஈ.சி.சி.யும் சரிபார்ப்புத் தொகையும் ஒன்றுக்கொன்று மாற்றாகாமல் துணையாகவே அமையும்.

முடிவுரை

இத்தகைய பிழை அரிதாகவே நிகழ்வது. மனிதர் கையால் நேரும் தட்டச்சுப் பிழைகள் இதனினும் மிகப் பல. அவற்றை எந்தத் தாய்ப்பலகையும் திருத்தாது. எனினும் தட்டச்சுப் பிழையை மெய்ப்புப் பார்ப்பவர் காண்பார். மெய்ப்புக்குப் பின் நினைவகத்தில் நிகழும் பிழையைக் காண எவரும் இலர். கல்லில் பல நூற்றாண்டு நின்ற விளக்கு, கணினியில் விலக்காக மாறாதிருக்க வேண்டுமெனில், ஆவணக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தொழில்நுட்பப் பணியாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் பொருந்தாது. விலைப்புள்ளி கோரும் படிவத்தில் ‘செயலி, தாய்ப்பலகை, நினைவகம் மூன்றும் பிழைதிருத்தம் ஏற்பவையாதல் வேண்டும்’ என்னும் ஒரு தொடரைத் தமிழ்த்துறை சேர்ப்பதும் மூலபாடத் திறனாய்வின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.