ஆங்கிலத் தேர்வு: மனப்பாடம் கேட்காத 30 மதிப்பெண்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் திருப்பூர் வீடுகளில் ஆங்கிலத்துக்கு முதலில் கைக்கு வருவது கைடுதான். 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' பாடத்தின் பெரிய வினாவில் தொடங்கி, 'லைஃப்' கவிதையின் மனப்பாட வரிகள் வரை பிள்ளைகள் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் வினாத்தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது.

2019-20 கல்வியாண்டில் ஆங்கிலத்தின் இரண்டு தாள்களும் ஒன்றாக்கப்பட்டு, 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள் வந்தது. அதில் 47 வினாக்கள். விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதல், பிழை திருத்தம் ஆகிய ஆறில் நான்குக்கு விடை எழுதினால் 20 மதிப்பெண். பத்தியைப் படித்து விடையளிப்பதற்கு 8. வழி சொல்லும் 'ரோடு மேப்'புக்கு 2. ஆக 30. தேர்ச்சிக்கு வேண்டியதோ 35. இந்த 30 மதிப்பெண்ணுக்குப் பாடத்தில் ஒரு வரிகூட மனப்பாடமாக இருக்க வேண்டாம். படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும்.

திருப்புதலில் இந்தப் பகுதிக்குத்தான் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுகிறது. காரணம் தெரிந்ததே. ஒப்பிப்பதைப் புத்தகம் பார்த்துச் சரிபார்த்துவிடலாம். பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம் சரியா என்று சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பனியன் கம்பெனியில் அப்பா ஓவர்லாக் தையலிலும் அம்மா செக்கிங்கிலும் ஓவர்டைம் பார்க்கும் வீட்டில் அதற்கு எங்கே போவது?

பத்தி வினாவையே எடுத்துக்கொள்வோம். முதலில் வினாக்களைப் படித்துவிட்டுப் பிறகு பத்திக்குப் போவது நல்லது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து படிக்கலாம். பலர் விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, எழுதும்போது தவறுகிறார்கள். 'வேர் டிட் ஹி கோ?' என்று கேட்டால், வினாவில் உள்ள 'கோ'வை அப்படியே எடுத்து 'ஹி கோ டு மார்க்கெட்' என்று எழுதிவிடுகிறார்கள். வினாவில் இறந்த காலத்தைத் தாங்கி நிற்பது 'டிட்'. விடையில் அது விலகும்போது அந்தக் காலம் வினைச்சொல்லுக்குள் வந்துவிட வேண்டும்: 'ஹி வென்ட்'. இந்த ஒரு மாற்றத்தை ஒரு வாரம் தினமும் பத்து வினாக்களுக்கு எழுதிப் பழகினால் கை தானாகத் திருந்தும். பத்துக் கட்டுரைகளைப் பார்த்து எழுதுவதைவிட இது மேல் என்பேன்.

ரோடு மேப்புக்கான ஆங்கிலம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் கையிலேயே கிடக்கிறது. பிசிறு வெட்ட வீட்டுக்கு வரும் பனியன் பீஸின் உள்பக்கத் தையலில் இருக்கும் வாஷ் கேர் லேபிளைப் பாருங்கள். 'வாஷ் இன் கோல்டு வாட்டர்', 'டு நாட் ப்ளீச்' போன்ற வரிகள் இருக்கும். எழுவாய் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே ஏவல். 'கோ ஸ்ட்ரெயிட்', 'டர்ன் லெஃப்ட்', 'க்ராஸ் த ரோடு' எல்லாம் அதே அமைப்புதான். லேபிளில் நான்கு வரி படித்த பிள்ளையிடம் ரயில் நிலையத்திலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வழி எழுதச் சொல்லலாம். தெரிந்த ஊர், தெரிந்த வாக்கியம்; பயம் போய்விடும்.

கடிதம், அறிவிப்பு, விளம்பரம் மூன்றிலும் அமைப்புக்கே மதிப்பெண் உண்டு. கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் என எதுவும் விடுபடாமல் இருந்தால் அடித்தளம் கிடைத்துவிடும். பிழை திருத்தத்தில் சில வகைகள் அடிக்கடி வரும். 'ஒன் ஆஃப்' வந்தால் அடுத்து வரும் பெயர் பன்மை. 'சீனியர்' என்ற சொல்லுக்குப் பின் 'தேன்' வராது, 'டு' வரும். படம் பார்த்து எழுதும்போது யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று நிகழ்காலத்தில் ஐந்து சிறு வாக்கியங்கள் போதும்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். ஆங்கிலப் பத்திக்குத் தமிழில் பொருள் சொல்லி நடத்தினால் அவர்களில் பலருக்கு இரண்டு மொழியும் சுமையாகிவிடும். தமிழ்ப் பிள்ளையும் வெளிமாநிலப் பிள்ளையும் சேர்ந்து பத்தியை உரக்கப் படித்து, ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லலாம். இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த ஆங்கிலம் மட்டும்தான் என்பதால் அதில் பேசியே ஆக வேண்டியிருக்கும்.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். மாலைச் சிறப்பு வகுப்பில் இன்னொரு சிறுதேர்வு வைப்பதற்குப் பதில், நேற்று எழுதியதைத் திருத்த இருபது நிமிடம் கொடுங்கள். பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொண்டு அமைப்பைச் சரிபார்க்கட்டும். வினைச்சொல்லை மட்டும் ஆசிரியர் பார்க்கட்டும். தவறிய வாக்கியத்தை அங்கேயே திரும்ப எழுதவைத்துவிட்டு அனுப்புங்கள். வீட்டில் அதைப் பார்க்க யாருமில்லாத பிள்ளைகளுக்கு அந்த இருபது நிமிடம்தான் கிடைக்கும்.