பத்துக் கட்டடத்துக்கும் ஒரே முளை

ஒரு மனையில் ஒரு வீடு கட்டுவது எளிது. எல்லைக் கல்லிலிருந்து நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, முளை அடித்து மேஸ்திரி வேலையைத் தொடங்கி விடுவார். ஒரே மனையில் பத்துக் கட்டடங்கள் என்றால் விஷயம் வேறு.

பெங்களூரில் ஒயிட்பீல்டு, சர்ஜாபூர் ரோடு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கங்களில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல இந்த ரகம்தான். பல பிளாக்குகள், ஒரு கிளப் ஹவுஸ், பூமிக்கு அடியில் கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ரோடு. இவை எல்லாவற்றையும் ஒரே ஆள் வரைவதில்லை. பிளாக்குக்கு ஒருவர், மனை வரைபடத்துக்கு ஒருவர், கம்பிக் கணக்குக்கு ஓர் என்ஜினீயர், குழாய்க்கும் மின்சாரத்துக்கும் வேறு ஆபீஸ்கள். எல்லாரும் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள்.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் வேலையும் சரியாகவே இருக்கும். ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு பிளாக் ரோட்டின் மேல் நிற்கும். இன்னொன்று பூமிக்குள் அரை மீட்டர் புதைந்திருக்கும். திரையிலேயே தெரிந்து விட்டால் நஷ்டமில்லை. தெரியாமல் போய், வானம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட்டும் போட்ட பிறகு தெரிந்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து இந்த நகரில் மார்க்கிங், கம்பி, சென்டரிங் வேலை செய்யும் தமிழர்கள் ஏராளம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்துக் கட்டடக்கலை ஆபீஸ்களில் வரைவாளராக இருப்பவர்களும் உண்டு. இரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

தனித்தனி பைல் எதற்கு?

எல்லாவற்றையும் ஒரே பைலில் வரைந்து விட்டால் என்ன என்று கேட்கலாம். பைல் பெருத்து விடும், கம்ப்யூட்டர் திணறும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு குடியிருப்பில் 'ஏ' என்ற ஒரே மாதிரி பிளாக்குகள் ஐந்து இருக்கின்றன. ஐந்தையும் தனித்தனியாக வரைந்தால், குளியலறை ஜன்னலை மாற்றச் சொன்னவுடன் ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும். நான்கில் மாற்றி ஒன்றில் மறந்து போவது ஆபீஸ்களில் நடப்பதே. 'ஏ' பிளாக்கை ஒரே பைலில் வரைந்து, மனை வரைபடத்தில் ஐந்து இடத்தில் இணைத்து விட்டால், ஒரு முறை திருத்தினால் போதும். இணைப்பைப் புதுப்பித்தவுடன் ஐந்திலும் மாறி விடும்.

இந்த யோசனை புதிதல்ல. 1982-ல் வெளிவந்த ஆட்டோகேடில், ஒரு டிராயிங்கை இன்னொன்றுடன் இணைத்துக் காட்டும் 'எக்ஸ்-ரெப்' வசதி 1990-ல் வந்தது. ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்த ஆர்ச்சிகேடில் இதற்கு 'ஹாட்லிங்க்' என்று பெயர். 2000-ல் வெளிவந்து, 2002-ல் ஆட்டோடெஸ்க் கம்பெனி விலைக்கு வாங்கிய ரெவிட்டில் 'லிங்க்' என்கிறார்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்?

கட்டடத்தை வரைபவருக்குத் தன் கட்டடம்தான் உலகம். அவர் காகிதத்துக்கு நேராகச் சுவரை வரைவார். ஒரு மூலைத் தூணைப் பூஜ்யமாக வைத்துக் கொள்வார். தரைத்தளத்தை 0.00 மட்டம் என்று குறிப்பார். அப்படி வரைவதுதான் சரியும்கூட.

மனையை அளந்த சர்வேயர் கணக்கு வேறு. அவர் பூமியின் வடக்கை வைத்து அளந்திருப்பார். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வார். ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். அதே கணக்குத்தான். பெங்களூர் நகரம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனை சரிவாக இருந்தால் ஏ-1 பிளாக்கின் தரைத்தளம் 906.450 என்றும், ஏ-4 பிளாக்கின் தரைத்தளம் 904.950 என்றும் வரலாம். கட்டட பைலில் இரண்டுமே 0.00. நடுவில் இருக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் மனை வரைபடத்துக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே இணைக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று விவரம் வேண்டும். மனையில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பவையே அவை. ரெவிட்டில் இதற்கு 'ஷேர்டு கோஆர்டினேட்ஸ்' என்ற ஏற்பாடு உண்டு. எல்லாரும் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு என்று பொருள் கொள்ளலாம். சர்வே டிராயிங்கிலிருந்து மனை பைல் இந்த அளவை வாங்கிக் கொள்ளும். மனை பைல் அதை ஒவ்வொரு கட்டட பைலுக்கும் கொடுக்கும். ஒரே 'ஏ' பிளாக்குக்கு ஏ-1, ஏ-2 என்று ஐந்து நிலைகளைப் பெயரிட்டுப் பதிந்து வைக்கலாம். பிறகு யார் எந்தப் பைலைத் திறந்து இணைத்தாலும், கட்டடம் தன் இடத்தில் தானாக வந்து உட்காரும்.

ஒரு டிகிரி செய்யும் வேலை

தவறு பெரும்பாலும் அவசரத்தில்தான் நேர்கிறது. இணைத்த பிளாக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று கண்டவுடன், மவுசால் பிடித்து இழுத்துப் பொருத்தி விடுவார்கள். திரையில் சரியாகத் தெரியும். அந்த இடத்தைக் கட்டட பைலில் பதியட்டுமா என்று புரோகிராம் கேட்கும். நேரமில்லை என்று வேண்டாம் சொல்லி விடுவார்கள். அன்று மாலை கம்பி என்ஜினீயருக்குப் போகும் பைலில் பழைய இடமே இருக்கும். மனை வரைபடம் ஓர் இடம் சொல்லும். தூண் டிராயிங் ஓர் இடம் சொல்லும்.

திருப்பத்திலும் இதே கதைதான். ஒரு டிகிரி என்றால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு டிகிரி தவறினால், 100 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் விலகி விடும். உயரமான கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி போக 6 மீட்டராவது திறந்த வழி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. அந்த 6 மீட்டர் நாலே கால் ஆகி விட்டால், தீப்பிடிக்கும் நாளில்தான் அதன் பலன் தெரியும்.

அளவு முறையும் காலை வாரி விடும். சர்வேயர் மீட்டரில் கொடுப்பார். கட்டடம் மில்லிமீட்டரில் இருக்கும். மனைக்காரர் முப்பதுக்கு நாற்பது என்று அடியில் பேசுவார். இணைக்கும்போது மீட்டரை மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொண்டால் மனை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி ஒரு புள்ளி போலக் கிடக்கும்.

தூரத்தில் வரைந்தால் வரும் நடுக்கம்

இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் செய்வது. சர்வேயர் கொடுத்த எண்ணிலேயே கட்டடத்தையும் வரைந்து விட்டால் வம்பில்லையே என்று சிலர் நினைக்கிறார்கள். உலகம் முழுவதும் வழங்கும் யு.டி.எம். முறைப்படி பெங்களூரின் வடக்கு அளவு பூமத்திய ரேகையிலிருந்து 14 லட்சம் மீட்டருக்கு மேல் வருகிறது.

திரையில் காட்டும் வேலைக்குப் பல புரோகிராம்கள் ஏழு இலக்கம் வரையே துல்லியம் நிற்கும் எண்களைப் பயன்படுத்துகின்றன. 14 லட்சத்துக்கு முழு மீட்டரிலேயே ஏழு இலக்கமும் தீர்ந்து விடும். அந்த எண்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விழும். செங்கல் சுவரின் தடிப்பில் பாதிக்கு மேல் அது. கோடுகள் நடுங்கும், சுவர்கள் சேராது. அதனால்தான் ரெவிட்டில் கட்டடம் முழுவதும் அதன் உள் பூஜ்யத்திலிருந்து 16 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். கட்டடத்தைப் பூஜ்யத்துக்கு அருகில் வரைய வேண்டும். சர்வே எண்ணை அதற்கு ஒரு விலாசம் போல ஒட்ட வேண்டும். இதுவே முறை.

ரைன் நதிப் பாலம்

பொது அளவில் ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதிமீது லாபன்பர்க் என்ற ஊரில் பாலம் கட்டினார்கள். இரு கரையிலிருந்தும் வேலை நடந்தது. ஜெர்மனியின் உயரக் கணக்குக்கு ஆதாரம் ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டம். சுவிட்சர்லாந்துக்கு மார்செய்ல் கடல் மட்டம். இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் என்ஜினீயர்களுக்குத் தெரியாமல் இல்லை. கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தது போல, குறி மாறி விட்டது. 2003-ல் பார்த்தபோது இரு கரைக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம் நின்றது. அதைத் திருத்திய பிறகே பாலத்தைச் சேர்க்க முடிந்தது. வித்தியாசம் உண்டு என்று தெரிந்திருந்தும், அது எந்தப் பக்கம் என்று சரிபார்க்காததால் வந்த வினை இது.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் பிளாக்கை வரையத் தொடங்கும் முன்பே பொதுப் புள்ளி எது, வடக்கு எது, மட்டம் எது என்பதை எழுதி எல்லா ஆபீஸுக்கும் அனுப்பி விட வேண்டும். இடித்தாலும் தோண்டினாலும் அசையாத ஒரு கல்லைப் புள்ளியாகத் தேர்ந்து கொள்வது நல்லது. மனை பைலில் இடத்தை மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். புதிய பைல் வரும் ஒவ்வொரு முறையும் மனையின் இரண்டு மூலைகளின் எண்ணைச் சர்வே டிராயிங்குடன் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை சரியாக இருந்தால் இடம்தான் சரி; இரண்டும் சரியாக இருந்தால் திருப்பமும் சரி. ஐந்து நிமிட வேலை இது.

தரையில் நிற்கும் மேஸ்திரிக்கும் இதில் பங்கு உண்டு. மார்க்கிங்குக்கு டிராயிங் வந்தவுடன், இது எந்தக் கல்லிலிருந்து எடுத்த அளவு, காட்டியிருக்கும் வடக்கு கட்டடத்தின் வடக்கா பூமியின் வடக்கா, 0.00 என்பது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று மூன்றும் கேட்கலாம். பதில் டிராயிங்கிலேயே எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லாகப் பதில் வந்தால், அதை டிராயிங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டுவிட்டு முளையை அடிப்பது நல்லது.